ஆமைப் பதிவும் மழைக்காலத் தீவனமும்

வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 49எம் பிரிவை நடைமுறைப்படுத்தும் பொருட்டு மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியிட்ட பதிவு விதிகளைக் குறித்து இவ்விதழின் நிலை யாது என்று அங்கத்தினர் பலர் கேட்டு எழுதியிருக்கின்றனர். வீட்டில் சல்கேட்டா ஆமை வைத்திருப்பவர் பரிவேஷ் தளத்தில் அதனைப் பதிவு செய்துகொள்வதும், பிறப்பையும் இறப்பையும் கைமாற்றத்தையும் உரிய காலத்தில் அறிவிப்பதும் நியாயமான கடமைகளே என்பதில் நமக்கு மாற்று அபிப்பிராயம் இல்லை. நட்சத்திர ஆமை விஷயத்திலோ விவாதத்துக்கே இடமில்லை. அது அச்சட்டத்தின் முதலாம் அட்டவணைப் பிராணி. 2019-இல் ஜெனீவா மாநாட்டில் சைட்டிஸ் சர்வதேச வனவுயிர் வர்த்தக ஒப்பந்தத்தின் முதலாம் இணைப்புக்கும் உயர்த்தப்பட்டது. வீட்டுக்கு அதிர்ஷ்டம் வரும் என்று வாங்கி, துணியில் சுற்றி நம்மிடம் எடுத்து வருகிறவரை வனத்துறையிடம் அனுப்பிவைப்பதே கால்நடை மருத்துவரின் தர்மம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னர், நெடுநாளாக இப்பக்கங்களில் வற்புறுத்திவரும் ஒன்றை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்ததை அறிவி, இறந்ததை அறிவி, கைமாறியதை அறிவி என்று கட்டளையிடும் சர்க்கார், பிறப்புக்கும் இறப்புக்கும் இடைப்பட்ட ஐம்பது அறுபது ஆண்டுக் காலம் அந்த ஜீவன் எதைத் தின்று வாழ்கிறது என்பதை யாரும் அறிவிக்க வேண்டும் என்று கருதவில்லை. கடையில் கூண்டுக்குள் இருக்கும் வரை அதன் பராமரிப்புக்கு 2018-ஆம் ஆண்டுச் செல்லப்பிராணிக் கடை விதிகள் உண்டு. மிருகக்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தால், கலப்படமற்ற நல்ல உணவு உரிய நேரத்தில் போதிய அளவு தரப்பட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவில், அது தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிக்கும் வீட்டிலோ, 1960-ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு ஒன்றே துணை. உணவு விஷயத்தில் அப்பிரிவு பட்டினி போடுவதைத்தான் குற்றமாகக் காண்கிறது; தட்டு நிறையச் சோறும் தக்காளியும் வைத்துவிட்டவரை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. இந்திய தர நிர்ணய அமைப்பின் 11968-ஆம் விவரக்குறிப்பு நாய், பூனைத் தீவனத்தோடு நின்றுவிடுவதால், ஆமைத் தீவனம் என்ற பெயரில் டப்பாக்களில் விற்கும் வண்ண உருண்டைகளுக்கும் அது பொருந்தாது.

ஆமை பட்டினி தாங்கும் என்ற பிரசித்தியே அதற்குப் பகையாய் முடிந்த வரலாறு நம் ஊர்க்காரருக்கு அந்நியமானதன்று. இந்தியாவில் நம் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அதே பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள், மொரீஷியஸுக்குக் கிழக்கேயுள்ள ராட்ரிக்ஸ் தீவின் பேராமைகளை உயிரோடு அள்ளிச் சென்றதற்குக் காரணம், தீனியும் நீரும் இல்லாமல் வாரக்கணக்கில் கப்பலடியில் கிடந்தும் அவை உயிரை விடாமல் இருந்ததே. 1746-இல் சென்னையைப் பிடித்த லபூர்தொன்னே, 1735 முதல் மொரீஷியஸில் கவர்னராக இருந்த நாட்களிலும் இந்த ஆமை ஏற்றுமதி நடந்தது. அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் ராட்ரிக்ஸ் ஆமை இனமே பூண்டற்றுப் போயிற்று. "பத்து நாள் தின்னாவிட்டாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது, டாக்டர்" என்று இன்றும் நம் முன்னால் உட்கார்ந்து சொல்கிறவரின் வாயில் வருவது அந்தப் பழைய எண்ணமே. அவர் கொடுமைக்காரர் அல்லர். அவருக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை.

விளைவு நாம் அனைவரும் அறிந்தது. கட்டைவிரலால் அடியோட்டை அழுத்தினால் ஈரமான அட்டையைப்போல் உள்ளே போகும் குட்டிகளைப் பார்க்காத அங்கத்தினர் இரார். மேலோட்டின் மேடுகளுக்குப் புரதத்தையே குற்றம் சாட்டும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. வீஸ்னரும் ஈபனும் 2003-இல் வெளியிட்ட சல்கேட்டா ஆய்வு, புரதத்தைக் காட்டிலும் காற்றின் ஈரப்பதமே அதில் முக்கியம் என்று காட்டியது. ஆனால் அதைச் சாக்காக வைத்து உணவைப் பற்றிய சிரத்தையைக் கைவிடலாகாது. சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடக் குறைந்தது இரு மடங்கு இருக்க வேண்டும் என்ற விதியும், நார் இல்லாமல் பெருங்குடல் நொதிப்பு நடவாது என்ற உண்மையும் மாறிவிடவில்லை. சஹாரா விளிம்பின் புல்வெளியில் உருவான சல்கேட்டாவுக்கு நாள்தோறும் முட்டைக்கோஸ் என்றால், அதன் குடல் என்ன செய்யும்?

கோடையில் தோட்டத்தில் விட்டு மேய்ப்பவர்கள்கூட ஐப்பசி பிறந்ததும் கைவிரித்துவிடுகின்றனர். ஐரோப்பாவில் பனிக்காலத்தில் ஆமைக்கென்று வீட்டுக்குள் தட்டுகளில் புல் வளர்க்கும் வழக்கம் உண்டு. நமக்குப் பனி இல்லையே என்று அதனைத் தள்ளிவிடலாகாது. வடகிழக்குப் பருவமழையில் புல் எங்கும் செழிக்கிறது என்பது மெய்யே. ஆனால் சாக்கடை கலந்த நீர் நிற்கும் முற்றத்தில் ஆமையை இறக்கவும் முடியாது, அங்கே அறுத்த புல்லை நம்பித் தரவும் முடியாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-இல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டிய நகரம் இது.

ஆகவே வீட்டுக்குள் புல் வளர்ப்பதை நாம் ஒவ்வொரு வளர்ப்பவருக்கும் கற்றுத்தர வேண்டும், அதையும் சரியாகக் கற்றுத்தர வேண்டும். மாட்டுக்கு ஏழு நாளில் விளைவிக்கும் மக்காச்சோள முளைத் தீவனத்தை அப்படியே ஆமைக்குக் காட்டுவது தவறு. அதில் நீர்தான் மிகுதி, நார் சொற்பம், கார்த்திகை மாத ஈரக்காற்றில் இரண்டாம் நாளே வேர்களுக்கிடையில் பூஞ்சணம் படர்ந்துவிடுகிறது. நான்கு விரற்கடை ஆழமுள்ள தட்டில் தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் கலந்து நிரப்பி, கணுவுள்ள அறுகந்தண்டுகளைப் பதித்தோ கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவியோ கிழக்குச் சன்னலோரம் வைத்து, இலை முற்றி விறைப்பாகும் வரை பொறுத்திருந்து அறுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தட்டாகத் தொடங்கினால் அறுப்பும் வளர்ப்பும் மாறி மாறி நடக்கும். வளர்ந்த சல்கேட்டாவுக்குத் தட்டுப்புல் போதவே போதாது. அதற்குக் கோடையிலேயே அறுத்துக் காயவைத்த புல்லை மூட்டை கட்டி வைத்திருக்க வேண்டும். தீவனக் கடை விதை இளஞ்சிவப்பாக இருந்தால் அது பூஞ்சைக்கொல்லியில் நேர்த்தி செய்தது. அதைத் தொடவே கூடாது. கம்பு நேப்பியரில் ஆக்சலேட் மிகுதி. குதிரை மசால் தினந்தோறும் தருவதற்கன்று. முயல் மசால் அவ்வப்போது ஒரு பிடி தரலாம். சன்னல் கண்ணாடி புற ஊதா பி கதிரைத் தடுத்துவிடும் என்பதால், புல் அங்கே வளர்ந்தாலும் ஆமைக்கு வெயிலோ விளக்கோ தனியே வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

இந்த வளர்ப்பு முறையை ஒரு பக்கக் குறிப்பாக அச்சிட்டுப் பதிவுச் சான்றிதழோடு சேர்த்துத் தரும்படி நாம் விண்ணப்பித்தபோது, ஓர் அலுவலகம் தீவனம் தன் இலாகாவைச் சேர்ந்ததன்று என்றது. மற்றோர் அலுவலகம் ஆமை தன் இலாகாவைச் சேர்ந்ததன்று என்றது. கறவை மாட்டுக்கென்று தீவன விதைக்கு ஏற்பாடு செய்யத் தெரிந்த ஒரு நிர்வாகத்துக்கு, கால் கிலோ கொழுக்கட்டைப் புல் விதையைப் பொட்டலம் கட்டித் தருவது ஏன் பிரம்மப் பிரயத்தனமாகத் தோன்றுகிறது என்பது நமக்கு விளங்கவில்லை. எண்ணத் தெரிந்தவர்களுக்கு ஊட்டத் தெரியவில்லை என்று சொல்வது கடுமையாக இருக்கலாம். ஆனால் அடி ஓடு மெத்தென்று போன குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதைவிட மிருதுவாக எழுத நம்மால் ஆகவில்லை.

நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. பதிவுக்கு வருபவரிடம் தீவன விவரமும் கேட்டு எழுதப்பட வேண்டும். பறிமுதலான ஆமைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடங்களுக்கும் இதே தீவன முறை எழுத்தில் தரப்பட வேண்டும். குரும்பாப்பேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் தீவனப் பாத்திகளில் ஒன்றை இந்தப் புல் வகைகளுக்கு ஒதுக்க வேண்டும். அதுவரை அங்கத்தினர் ஒவ்வொருவரும் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் தட்டு வளர்ப்பு முறையைத் தம் கையால் எழுதிக் கொடுக்கலாம். கொழுக்கட்டைப் புல்லின் புது விதை சில மாதம் உறங்கிக் கிடக்கும் இயல்புடையதாதலால், சென்ற ஆண்டு விதையைக் கேட்டு வாங்கிப் புரட்டாசி முதல் வாரத்தில் தூவச் சொல்லுங்கள்.