அன்னதானத்தில் அடியார் நலமும் அடங்கட்டும்

தைப்பூசத் திருநாளில் பத்துமலை, பினாங்குத் தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை ஆகிய திருத்தலங்களை நாடி அடியார்கள் திரள்கின்றனர். வழிநெடுக அவர்தம் பசியும் தாகமும் தீர்க்கும் தண்ணீர்ப் பந்தல்கள், இந்நாட்டுத் தமிழரின் ஈகைக் குணத்திற்குச் சான்றாகும். அவ்வறத்தைப் போற்றும் அதே வேளையில், உபயகாரர்களுக்கு ஒரு கடமையை நினைவூட்ட விரும்புகின்றோம்.

2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அவ்விகிதம் 31.4 விழுக்காடு. 2023-இல் நாட்டின் மொத்த விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் நாம் ஆறுதல் கொள்ள இடமில்லை. பந்தலில் கைநீட்டும் அன்பர்களுள் பலர் நோயாளிகள். தமக்கு நோய் உள்ளதென்றே அறியாதோரும் அவர்களுள் உண்டு.

அவர்களுக்கு நாம் அளிப்பது என்ன? சிரப் பானம், பெட்டிப் பானம், கேசரி, சர்க்கரைப் பொங்கல். 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை கலந்த பானத்தின் 250 மில்லி பெட்டி ஒன்றில் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை அடங்கியுள்ளது. நான்கு பந்தல்களில் அன்பின்பொருட்டு வாங்கிப் பருகினால் அது நான்கு மடங்காகின்றது. பானகத்தின் வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதே.

இறைவன் பிரசாதத்தை மறுக்கலாமா என்பர் சிலர். மறுக்க வேண்டுவதில்லை. திருநீற்றை ஒரு சிட்டிகையே அணிகின்றோம், அருள் குறைவதில்லை. பஞ்சாமிர்தமும் அவ்வாறே, ஒரு துளியிலும் அருள் நிறைந்தே உள்ளது.

பசிக்கு ஏற்ற சிற்றுண்டியை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. சுண்டல் நம் ஆலய மடைப்பள்ளிக்கே உரியது. வேகவைத்த கொண்டைக்கடலை அரைக் கோப்பையில் ஏறத்தாழ 7 கிராம் புரதமும் 6 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. நார்ச்சத்தும் புரதமும் செரிமானத்தை மெதுவாக்குவதால் சர்க்கரை திடீரென ஏறுவதில்லை. பசியும் நெடுநேரம் தாங்கும். பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஆகியவையும் நல்லனவே. உப்பும் தேங்காய்த் துருவலும் அளவோடு இருத்தல் வேண்டும். உடன் இனிப்பில்லாத நீர்மோர், வெள்ளரித் துண்டுகள், கொய்யாத் துண்டுகள், தூய நீர் ஆகியவற்றையும் வழங்கலாம்.

இனிப்பை அறவே விலக்குதலும் கூடாது. இன்சுலின் போடுவோரும் சிலவகை மாத்திரை உண்போரும் விரதத்தோடு நெடுந்தொலைவு நடக்கையில், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கைநடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல் தோன்றினால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே அளித்தல் வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் அளித்து, மருத்துவ முகாமின் உதவியை நாட வேண்டும். தெளிந்தபின் உணவு தரலாம். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. விரதமிருந்து காவடி ஏந்துவோர், மருந்தளவு குறித்து முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

ஒவ்வொரு பந்தலிலும் இனிப்புக்கு அருகே ஒரு சுண்டல் அண்டாவும் ஒரு மோர்ப் பானையும் இடம்பெற ஆலய நிர்வாகத்தினர் ஆவன செய்வார்களாக. "இனிப்பில்லாதது" என்றொரு சிறு அட்டையும் அங்கே தொங்கட்டும். உண்டவர் உடல்நலத்தோடு இல்லம் திரும்பும்போதே அன்னதானம் நிறைவுபெறுகின்றது. அந்நிறைவை அருள முருகப்பெருமான் துணைநிற்பானாக.