தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள்!

குட்டிச் செல்லங்களே, உங்கள் வீட்டில் மீன் தொட்டி இருக்கிறதா? அப்படியானால் இந்தத் தாத்தா சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

தண்ணீர் அமிலமா, காரமா என்று சொல்லும் அளவுதான் பி.எச். டென்மார்க் விஞ்ஞானி சோரன்சென் 1909-ல் இதை அறிமுகப்படுத்தினார். 7 என்றால் நடுநிலை. கீழே போனால் அமிலம். மேலே போனால் காரம். 7-க்கும் 8-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். அமிலத்தன்மையில் அது பத்து மடங்கு!

ஓய்வு பெற்ற பிறகு நானும் கப்பி மீன் வளர்த்தேன். தண்ணீரைச் சோதித்தால் 8 காட்டியது. '7 தானே நல்லது' என்று எலுமிச்சைச் சாறு பிழிந்தேன். குறைந்தது. மறுநாள் பழையபடி ஏறியிருந்தது. மீண்டும் பிழிந்தேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு கப்பிகள் செத்து மிதந்தன. பல வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் செய்த காரியம் இது!

எங்கள் வீட்டு போர் தண்ணீர் கடினநீர். அதில் கரைந்துள்ள பைகார்பனேட் அமிலத்தை முறித்துவிடும். அதனால்தான் பி.எச். திரும்பத் திரும்ப ஏறியது. கப்பிக்கு 8 ஒரு பிரச்சினையே இல்லை. அடிக்கடி ஏறி இறங்கியதைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: மீனுக்காகத் தண்ணீரை மாற்றாதீர்கள், தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள். நியான் டெட்ரா, அமேசான் பகுதியின் மென்மையான, சற்று அமிலமான நீருக்குப் பழகிய இனம். கடினநீர் வரும் வீட்டுக்கு கப்பி, மோலி போதும்.

'பி.எச். குறைக்கக் கடையில் மருந்து விற்கிறார்களே?' என்பீர்கள். கடினநீரில் அதுவும் என் எலுமிச்சை கதைதான்.

அதற்காகத் தண்ணீரை மாற்றாமலே விடவும் கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நல்ல பாக்டீரியாக்கள் மாற்றும்போது அமிலம் சேரும், பி.எச். மெல்ல இறங்கும். எனவே வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தொட்டியை மொத்தமாகக் காலி செய்து தேய்த்துக் கழுவாதீர்கள். நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

தண்ணீர் பிடிக்கவில்லை என்று சொல்ல மீனுக்கு வாய் இல்லை. அதற்காக யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான். யோசிப்பீர்கள்தானே?