பட்டாவில் நிற்கும் பனை

பட்டா நிலத்து மரம் பட்டாதாரருக்கே முழுச் சொந்தம், அதை வெட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம் பக்கத்தில் ஆழ வேரோடியிருக்கிறது. வரப்புப் பனை துண்டுதுண்டாகச் செங்கல் சூளைக்கு லாரி ஏறும்போதெல்லாம், ஏன் என்று கேட்பவருக்கு ஒரே பதில்தான்: “எங்க கொல்ல, எங்க மரம், ஒனக்கென்ன?” இந்தப் பதில் தவறு.

2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை சட்டமன்றத்தில் வாசிக்கப்பட்டது. பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றது அது. வாசித்த அமைச்சர் எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம் இதே கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடித் தொகுதிக்காரர். அவர் சொன்னது அவருடைய மாவட்டத்து வரப்புக்கே இன்னும் வந்து சேரவில்லை.

சொந்த நிலத்து மரத்துக்குக் கட்டுப்பாடு புதிதும் அல்ல. தமிழக மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கான குழுவின் அனுமதி வேண்டும். உத்தரப் பிரதேசத்து மதுரா பகுதியில், பெரும்பாலும் தனியார் நிலத்தில் நின்ற 454 மரங்களை அனுமதியின்றி வெட்டியவருக்கு, மரத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்ற கணக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அபராதம் விதித்தது. அங்கும் பெரும்பகுதி சொந்த நிலம்தான்.

பனங்கொட்டை முளைத்துப் பாளை விடவே பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். ஆண்பனையா பெண்பனையா என்பது அதுவரை நட்டவருக்கே தெரியாது. தண்ணீர் கேட்காமல், உரம் கேட்காமல் வளர்ந்த அந்த மரம் ஒரு முற்பகலில் சொற்ப விலைக்குப் போகிறது. நுங்கும் பதநீரும் ஓலையும் அதோடு போகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைக் கண்ட மக்கள், காற்றுக்கு ஈடுகொடுக்கும் பனையைத் தாங்களே சாய்க்கலாமா?

நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்க அதிகாரி வரும்போது ஒவ்வொரு முந்திரியையும் பலாவையும் எண்ணி இழப்பீடு கேட்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர்விடும் நெல்லின் மேல் சுரங்க வேலைக்கான இயந்திரம் ஏறியபோது மாவட்டமே கொதித்தது. இரண்டும் நியாயம். விளைந்து நிற்பதை அழிப்பது பாவம் என்றால், அது வரப்புப் பனைக்கும் பொருந்தும். பட்டா கையில் இருப்பதால் பாவம் குறையாது.

வெட்டியே ஆக வேண்டிய பனை இருந்தால் ஆட்சியருக்கு மனு எழுதலாம். அடுத்த லாரி சூளைக்குக் கிளம்பும்போது அனுமதித் தாளைக் கேட்டு நிறுத்த வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர். அவருக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்கள் ஊர்க்காரர்கள்.