கருவி பழையதென்று களையலாமோ?

பழங்கருவி ஒன்று பிழை செய்யுமாயின் அதனைக் களைந்தெறிதலே அறிவுடைமை எனச் சிலர் கூறக் கேட்கின்றோம். பாக்ஸ்புரோ என்னும் தரவுத்தளக் கருவியைப் பற்றியும் இங்ஙனமே கூறுவர். அமெரிக்க நாட்டு ஒஹையோ மாநிலத்திற் பிறந்து, 1992ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் கைப்பட்ட அக்கருவிக்கு, 2004இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பே இறுதியாயிற்று. ஆயினும் அவர் கூற்று எமக்கு உடன்பாடன்று.

அதன்கண் நேரும் பிழையொன்றை ஈண்டு நோக்குவாம். நூல்நிலையம் ஒன்றின் கடன்பதிவேடு இக்கருவியால் நடைபெறுவதாகக் கொள்க. 2000ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாளில் திருப்பவேண்டிய நூலுக்கு, எழுத்தர் ஆண்டினை 00 என்று மட்டும் பதிகின்றார். ஈரிலக்கம் தரின் அதன் முன்னர் 19 என்பதனைச் சேர்த்துக்கொள்ளுதல் கருவியின் இயல்பு. ஆகவே உள்ளே சென்றது 1900. திரையிலோ 00 என்றே தோன்றும். குறித்த நாளிலேயே நூலைக் கொணர்ந்த மாணவன் 36,524 நாள் தாழ்த்தானெனத் தண்டம் ஏறும்! நகைப்பிற்கிடமான இது ஒருவாறு நன்றே, உடனே வெளிப்பட்டுவிடுகின்றது. ஊழியர் ஒருவர் பணியிற் சேர்ந்த நாளோ, குழந்தையொன்றின் பிறந்த நாளோ இவ்வாறு பதியப்பெறின், எவர் கண்ணிலும் படாது நெடுநாட் கிடக்கும்.

பிழை காண்பார் முதற்கண் திரையை நம்பாதிருத்தல் வேண்டும். 'செட் செஞ்சுரி ஆன்' எனக் கட்டளையிட்டவுடன் நான்கிலக்கமும் வெளிப்படும். கோப்பினுள் ஒவ்வொரு நாளும் ஆண்டுக்கு நான்கு, திங்களுக்கு இரண்டு, தேதிக்கு இரண்டு என எட்டெழுத்தாக நிறைவுறவே உள்ளது. எனவே குற்றம் கோப்பின்மேலதன்று, உட்புகும் வாயிலின்மேலது. பின்வந்த விஷுவல் பாக்ஸ்புரோவில் 'செட் செஞ்சுரி டு 19 ரோல்ஓவர் 50' என்று பணித்தால், 50க்குக் குறைந்த ஆண்டுகள் 20 என்னும் முன்னிலக்கம் பெறும். இதனையே முழுமருந்தென மயங்கற்க. 1948இற் பிறந்த முதியவரை ஈரிலக்கத்தாற் பதியின், அவர் 2048இற் பிறப்பார்! மேலும், இனிப் பதிவனவற்றையன்றி முன்பதிந்தவற்றை அக்கட்டளை தொடுவதில்லை.

கருவியை மாற்றுவோரும் இவ்விடத்திலேயே இடறுகின்றனர். பதிவுகளைப் புதிய கருவிக்குக் கொண்டுசெல்லுங்கால் 1900 என்பது 1900 ஆகவே செல்லும். அதற்குள் பாக்ஸ்புரோவை அறிந்தாரும் ஓய்வுபெற்றிருப்பர். அவ்வாண்டு எங்ஙனம் வந்ததென்று உரைப்பார் இரார். ஆதலின், நூறாண்டு பின்தள்ளிக் கிடக்கும் பதிவுகளைத் தேடி, மூலத்தாளோடு ஒப்புநோக்கித் திருத்துதல் முதற்பணி. அதன்பின் கருவியை மாற்ற விரும்புவார் மாற்றிக்கொள்க. யாம் தடை சொல்லேம்.