‘இந்தப் பெண்களுக்கு இது ஏன் பிடிக்குது?’



2025 நவம்பர் கடைசியில் கனடாவின் கிரேவ் தளத்தில் ‘ஹீட்டட் ரைவல்ரி’ தொடர் வந்ததிலிருந்து ஒரே மாதிரியான கட்டுரைகள் எங்கள் கைபேசிகளுக்கு வந்து குவிந்தன. இரண்டு ஐஸ் ஹொக்கி வீரர்களின் காதல் கதை அது. மூல நாவலை எழுதியவர் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ரேச்சல் ரீட் என்ற பெண். கட்டுரைகள் கேட்டது ஒரே கேள்விதான்: ஆணும் ஆணும் காதலிக்கிற கதை பெண்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்குது? யாரோ ஒரு நிபுணர் விளக்கம் சொல்லுவார். நாங்களும் வாசித்து, சிரித்து, குழுவில் பகிர்ந்துவிட்டுப் போவோம்.

இந்த இதழில் நாங்கள் சொல்ல வருவது இதுதான்: அந்தக் கேள்வியே பிழை. எரிச்சலூட்டுகிற கேள்வி என்பதோடு விஷயம் முடியவில்லை. அதே கேள்வியை ஒரு பொலிஸ்காரர் கேட்டால் அதற்குப் பிறகு வழக்கு வருகிறது, சிறை வருகிறது. சீனாவில் இப்போது நடப்பது அதுதான்.

முதலில் எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளைப் பார்ப்போம். இந்த எழுத்து நேற்று முளைத்ததில்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகைகள் கேர்க்கையும் ஸ்பொக்கையும் காதலர்களாக்கி எழுதிய முதல் கதை ஒரு ரசிகர் இதழில் அச்சானது 1974 இல். அதே பத்தாண்டில் ஜப்பானில் ஹகியோ மோட்டோ, டகேமியா கெய்கோ போன்ற பெண்கள் பையன்களின் காதலை மங்கா ஆக்கினார்கள். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆனால் பத்திரிகைகள் ஒவ்வொரு முறையும் ஏதோ புது விலங்கைக் கண்டுபிடித்த மாதிரித்தான் எழுதுகின்றன. 2009 இல் ‘எல்.ஏ. வீக்லி’ எழுதியது, 2010 இல் ‘அவுட்’ சஞ்சிகை எழுதியது, இப்போது ஹொக்கிக்காகத் திரும்பவும் எழுதுகிறார்கள்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு எடுகோள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் எல்லாரும் ஆண்களை விரும்புகிற பெண்கள்தான் என்பது. இந்த வட்டத்துக்குள் கொஞ்சநாள் இருந்தவர்களுக்குத் தெரியும்: லெஸ்பியன்கள் இருக்கிறார்கள், இருபால் ஈர்ப்புள்ளவர்கள் இருக்கிறார்கள், இந்தக் கதைகளை எழுதி எழுதியே தான் பெண்ணே இல்லை என்று கண்டுகொண்டவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர் மிசோகுச்சி அகிகோ, தான் லெஸ்பியன் ஆனதில் சின்ன வயதில் வாசித்த இந்த மங்காக்களுக்குப் பங்கு இருக்கு என்றே எழுதியிருக்கிறார். இரண்டாவது, பெண்ணின் ஆசைக்கு மட்டும் விளக்கம் தேவை என்பது. இரண்டு பெண்கள் முத்தமிடுகிற காட்சியை ஆண்கள் ஏன் பார்க்கிறார்கள் என்று எந்தப் பத்திரிகையும் நிபுணரைத் தேடிப் போவதில்லை. அது இயல்பாம்!

இதை வைத்து, விமர்சனமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 1992 இல் சட்டோ மசாகி என்ற ஜப்பானிய கே செயற்பாட்டாளர் ஒரு சிறிய பெண்ணிய இதழில், எங்கள் வாழ்க்கையை உங்கள் இன்பத்துக்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கோபமாக எழுதினார். வருடக்கணக்கில் அந்த இதழில் பெண்கள் பதில் எழுதினார்கள். சிலர் மறுத்தார்கள், சிலர் தங்கள் எழுத்தையே மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவின் லாம்டா விருது 2009 இல் எல்ஜிபிடி எழுத்தாளர்களுக்கு மட்டும் என்று ஆனது. 2011 இல் அந்த முடிவின் பெரும்பகுதி மாறியது. இவை பட்டவர்களுக்கும் எழுதியவர்களுக்கும் நடுவில் நடந்த வாதங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் பேசினார்கள். பத்திரிகைக் கேள்வியில் அந்தப் பெண் பேசுகிற ஆளே இல்லை. கண்ணாடிப் போத்தலுக்குள் இருக்கிற பூச்சி.

இனி சீனாவுக்கு வருவோம். அங்கே இந்த வகைக்கு டான்மெய் என்று பெயர். எங்களில் கனபேர் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்திருக்கிறோம். 2019 இல் டென்சென்ட் வெளியிட்ட ‘தி அன்டேம்ட்’ தொடரைப் பார்த்து அழுதவர்களும் இந்த மின்னஞ்சல் பட்டியலில் உண்டு. அது ஒரு டான்மெய் நாவல்தான். காதலை நட்பு என்று மாற்றி எடுத்தார்கள். 2021 டிசெம்பரில் இந்த வகை நாவல்கள் ஆங்கில அச்சில் வந்ததும் ‘நியூயோர்க் டைம்ஸ்’ விற்பனைப் பட்டியலில் ஏறின. ஆக, இந்தக் கதைகளால் பெரிய நிறுவனங்கள் நல்லாவே உழைத்தன.

அதே 2021 ஓகஸ்டில், கட்சியின் ‘குவாங்மிங்’ நாளிதழ் டான்மெய்த் தொடர்கள் மக்களின் ரசனையைப் பிழையான வழியில் கொண்டுபோகின்றன என்று எழுதியது. ஏறக்குறைய ஒரு கிழமைதான்; செப்டெம்பர் தொடக்கத்தில் ஒளிபரப்பு ஆணையம் ‘பெண்மை வாய்ந்த’ ஆண்களைத் திரையில் காட்டுவதற்குத் தடை போட்டது. டான்மெய்த் தொடர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. பத்திரிகைப் பத்தியும் அரச ஆணையும் எவ்வளவு கிட்டக் கிட்ட நிற்குது என்று பாருங்கள்.

தொடர் எடுத்த நிறுவனங்கள் வேறு படம் எடுக்கப் போய்விட்டன. எழுதின பெண்கள் எங்கே போவார்கள்? ஜின்ஜியாங் என்ற பெரிய இலக்கியத் தளத்தில் கழுத்துக்குக் கீழே எதையும் விவரிக்கக்கூடாது என்று விதி இருக்கு. பகிடி இல்லை, உண்மையாகவே கழுத்து! அதனால் கொஞ்சம் வெளிப்படையாக எழுதுகிறவர்கள் தாய்வானில் இயங்கும் ஹைடாங் தளத்துக்குப் போனார்கள். 2024 இல் அன்ஹுய் மாகாணத்தின் ஜீஷி என்ற சின்ன மாவட்டத்துப் பொலிஸ் அவர்களைப் பிடிக்கத் தொடங்கியது. 2025 இல் கான்சு மாகாணத்தின் லான்ஜோ பொலிஸ் தொடர்ந்தது. பெப்ரவரியிலிருந்து குறைந்தது 30 எழுத்தாளர்கள் கைதாகியிருக்கிறார்கள், அநேகமாக எல்லாரும் இருபதுகளில் இருக்கும் பெண்கள் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னதை பிபிசி ஜூனில் வெளியிட்டது. இருபதுகளில் என்றால் எங்கள் வயது, தோழர்களே.

சட்டம் எப்படி வேலை செய்யுது என்பதையும் பார்க்கவேண்டும். சீனாவில் 1997 இலேயே ஒருபாலுறவு குற்றம் இல்லை என்றாகிவிட்டது. இங்கே பிடிப்பது குற்றவியல் சட்டத்தின் 363 ஆம் பிரிவு: லாபத்துக்காக ஆபாசப் பொருள் தயாரித்தல். 2004 இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கத்தின்படி 10,000 சொடுக்குகள் விழுந்தாலே வழக்குப் போடலாம். அந்த எண்ணிக்கை பழைய இணையத்துக்கானது. இன்றைக்கு ஒரு சாதாரண கதைக்கே அவ்வளவும் ஒரு கிழமையில் விழும். 2018 ஒக்டோபரில் தியான்யி என்ற புனைபெயரில் எழுதிய பெண்ணுக்கு வூஹுவில் ஒரு நீதிமன்றம் பத்தரை வருடம் சிறை கொடுத்தது. அவர் தானே அச்சிட்ட நாவல் 7,000 பிரதிகள் விற்றிருந்தது. வல்லுறவுக் குற்றத்துக்கே அநேகமாக மூன்றிலிருந்து பத்து வருடம்தான் என்று சீன மக்களே இணையத்தில் கொதித்தார்கள்.

ஏன் ஒரு சின்ன மாவட்டத்துப் பொலிஸ் மாகாணம் தாண்டி ஆள் பிடிக்குது? சீன மக்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் ‘ஆழ்கடல் மீன்பிடி’. உள்ளூர் அரசுகளிடம் காசில்லை. தூரத்தில் இருக்கிறவரைப் பிடித்து, எழுதி உழைத்ததைத் திருப்பிக் கட்டு, தண்டம் கட்டு, தண்டனை குறையும் என்கிறார்கள். கட்டுகிறவர் யார்? சொல்லுக்குச் சொல் எண்ணிச் சில்லறை வாங்குகிற, தொழிற்சங்கம் இல்லாத, தளத்துக்கு ஒரு பங்கு கொடுக்கிற கூலி எழுத்தாளர். இது ஒழுக்கப் பிரச்சினை என்ற பெயரில் நடக்கிற உழைப்புச் சுரண்டல். நாங்கள் இதை வர்க்கப் பிரச்சினை என்று சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவார்கள்?

எங்கள் இடதுசாரி வட்டத்திலேயே ஒரு தயக்கம் இருக்கு. சீனாவைப் பற்றிப் பேசினால் வொஷிங்டனுக்கு வாய்ப்பாகிவிடும், பேசாமல் இருப்பம் என்கிறார்கள். மேற்கு ஊடகங்கள் இதைத் தங்கள் வசதிக்குப் பயன்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் கைதானவர்கள் வொஷிங்டனின் ஆட்கள் இல்லை. அவர்களுக்காக வெய்போவில் பேசினவர்களும், இலவசமாகச் சட்ட ஆலோசனை கொடுக்க முன்வந்தவர்களும் சீனர்கள்தான். அவர்களின் குரலுக்குப் பக்கத்தில் நிற்பது பேரரசுக்குப் பின்னால் நிற்பதாகாது. அதோடு, அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் இதே மாதிரிப் புத்தகங்களை அலுமாரியிலிருந்து எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுவோம்.

தமிழில் வாசிக்கிற எங்களுக்கு இந்தக் கேள்வியின் சத்தம் தெரியாததில்லை. 2002 இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோது கவிதையை விட்டுவிட்டுத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி என்று எல்லாரிடமும் கேட்டது, ஒரு பெண் ஏன் இப்படி எழுதவேணும் என்பதுதான். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை அது. வாயை மூடு என்பதைக் கேள்விக்குறி போட்டுச் சொன்னார்கள்.

அப்ப என்ன செய்யலாம்? சில சின்ன விஷயங்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரையைப் பகிர முதல், எழுதுகிற பெண் ஒருவராவது அதில் தன் வாயால் பேசுகிறாரா என்று பாருங்கள். பிபிசியின் அந்தச் செய்தி கைதான பெண்கள் தாங்களே எழுதியதைக் கேட்டு வந்தது. ஆகவே முடியாத காரியம் இல்லை. பேசவில்லை என்றால், பகிராமல் ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: யார் உழைக்கிறார்கள், யார் லாபம் எடுக்கிறார்கள், யார் தண்டம் கட்டுகிறார்கள் என்று ஏன் கேட்கவில்லை என்று.

கைதான எழுத்தாளர்களின் உண்மைப் பெயரையோ படத்தையோ தேடிப் பரப்பாதீர்கள், ஆதரவுக்காகக்கூட வேண்டாம். புனைபெயர் ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சமிருக்கிற பாதுகாப்பு. சீனத்திலிருந்து சும்மா மொழிபெயர்த்துத் தருகிற ரசிகைகளின் விவரங்களுக்கும் இதே விதி.

எங்கள் அடுத்த வாசிப்புக் கூட்டத்தில் டான்மெய் பற்றிக் கதைக்கப் போகிறோம். வெட்கப்பட்டு ஒளித்து வாசிக்கிறவர்களும் வாங்கோ. ஏன் பிடிக்குது என்று ஒருத்தரும் கேட்கமாட்டோம். எந்த அத்தியாயத்தில் அழுதீர்கள் என்றுதான் கேட்போம்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக