உமிக்குள் உறங்கும் ஐஸ்



கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. எங்கள் தெருமுனை சர்பத் கடையில் காலையிலேயே ஐஸ் பார் வந்து இறங்குகிறது. கடைக்காரர் அதை உமி பரப்பிய மரப்பெட்டியில் கிடத்தி, மேலேயும் உமியைக் கொட்டி, சாக்கைப் போட்டு மூடுகிறார். வேண்டும்போது ஓரத்தை மட்டும் விலக்கி, உடைத்தெடுத்துக் கழுவிக்கொள்கிறார். கை ஈரம் காய்வதற்குள் சாக்கு பழையபடி ஏறிவிடும். சாயங்காலம் வரை ஐஸ் தாக்குப்பிடிக்கிறது.

சின்ன வயதில் எனக்கு இது புரியாது. போர்த்தினால் சூடாகிவிடாதா? போர்வை தானாகச் சூடு தருவதில்லை என்பது பிறகுதான் விளங்கியது. உமியின் இடுக்குகளில் அசையாமல் நிற்கும் காற்று, வெளிச்சூட்டை எளிதில் உள்ளே விடுவதில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

இதை நம்பித்தான் 1833இல் பாஸ்டன் வணிகர் ஃபிரெடெரிக் டியூடர், உறைந்த நீர்நிலைகளில் அறுத்த ஐஸைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்ட வேண்டும். ஏற்றிய 180 டன்னில் சுமார் 100 டன் கரை சேர்ந்தது! பின்னாளில் சென்னைக்கும் அந்த ஐஸ் வந்தது. அதைச் சேமித்த கட்டடம்தான் மெரினா எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. அந்த வட்டாரத்துக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றே பெயர்.

போர்வையின் இன்னொரு வேலையை நான் கற்றது வருத்தத்தோடு. ஒரு ரயில் பயணத்தில் அம்மாவின் இன்சுலினை, ஃபிரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பையின் மேலேயே வைத்துவிட்டேன். ஊர் போய்ப் பார்த்தால் மருந்து உறைந்திருந்தது. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. அத்தனையையும் எறிய வேண்டியதாயிற்று. ராத்திரியில் மருந்துக்கடை தேடி அலைந்ததை இன்னும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் ஐஸ் பையை ஒரு கெட்டித் துண்டில் சுற்றிய பிறகே பக்கத்தில் மருந்து வைக்கிறேன். துணி ஐஸை மட்டும் காப்பதில்லை, ஐஸிடமிருந்தும் காக்கிறது. கால் பிசகினால் தரும் ஐஸ் ஒத்தடத்துக்கும் இதே கதைதான்: துணியில் பொதிந்து, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும்.

ஐஸில் வைத்து மீன் வாங்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. தெர்மாகோல் பெட்டியின் அடியில் சின்னத் துளை போட்டு உருகிய நீரை வடியவிடுங்கள். ஊறிக் கிடக்கும் மீன் சுவையிழக்கும்.

உங்கள் ஊரில் ஐஸை எதில் பொதிந்து வைக்கிறார்கள்? உமியா, மரத்தூளா, வைக்கோலா? எழுதுங்கள், ஆசையாகக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்