குச்சி வாங்குமுன் செடியைப் பாருங்கள்

நெல் விதை, சோள விதை என்றால் நாலு பேரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறோம். குச்சிக்கிழங்குக்கு மட்டும், லாரியில் வந்திறங்கும் கட்டை விலை படிந்தவுடன் வாங்கி நட்டுவிடுகிறோம். சேலம், நாமக்கல் பகுதிகளில் தேமல் நோய் தீராமல் நிற்பதற்கு இந்தப் பழக்கமே முதற்காரணம் என்பது என் கருத்து.

விதை என்பது ஆண் பெண் சேர்க்கையில் உண்டாவது. குச்சிக்கிழங்குச் செடியும் பூக்கும். ஒரே கொத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருக்கும். ஆமணக்கைப் போலவே காய்க்கு மூன்று விதை. ஆனால் அந்த மூன்றும் மூன்று குணமாக முளைக்கும். ஆராய்ச்சியாளருக்கு அது வரம். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971ல் வெளியிட்ட எச் 226 அப்படிக் கலப்பில் பிறந்த ரகமே. ஆலைக்குக் கிழங்கு போடும் விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது.

கரணை அப்படியல்ல. அது தாய்ச் செடியின் ஒரு துண்டு. இளம்பிள்ளை தறிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தவறினால், அந்த அட்டையில் நெய்யும் அத்தனை சேலையிலும் அதே பிழை விழும். தாய்ச் செடியில் தேமல் நச்சுயிரி இருந்தால் கரணையோடு அதுவும் வரும். மருந்தடித்து அதை வெளியேற்ற முடியாது.

முளைத்து வரும் முதல் இலைகளிலேயே மஞ்சள் தேமலும் சுருக்கமும் தெரிந்தால் குற்றம் கரணையுடையது. அடியிலைகள் சுத்தமாக இருந்து, பின்னால் நுனியில் மட்டும் தெரிந்தால் வெள்ளை ஈ கொண்டு வந்தது. முதல் வகைச் செடியை இளசிலேயே பிடுங்கி அழித்துவிட வேண்டும்.

இலை உதிர்ந்த குச்சியில் நோய் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, வெட்டுக்கு முன்பே, இலை பச்சையாக நிற்கும்போது, நோயில்லாத செடிகளில் பழந்துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். அந்தக் குச்சிகளின் நடுப்பகுதியில் மட்டும், அரையடி நீளத்தில், எட்டு முதல் பத்து கணு இருக்கும்படி கரணை நறுக்குங்கள்.

கட்டோடு ஏறி வரும் இன்னொரு விருந்தாளி மாவுப்பூச்சி. 2020ல் கேரளத்தில் முதலில் காணப்பட்டு, பிறகு நம் பக்கமும் பரவியது. இதற்கு ஆணே வேண்டாம். பெண்ணே தனியாகப் பெண்களைப் பெற்றுத் தள்ளும். குச்சியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும். இதை அடக்க, ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த ஒட்டுண்ணிக் குளவியை 2022ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டனர். இந்தக் குளவியின் கதை வேறு: சேர்க்கையில் உருவான முட்டை பெண்ணாகும், சேராத முட்டை ஆணாகும். கண்டபடி மருந்தடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான்.

1966ஆம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப் பயிர்களின் கரணையையும் விதையென்றே சொல்கிறது. ஆனால் லாரிக் கட்டில் சான்றுச் சீட்டைப் பார்த்தவர் யார்? அதிகாரிகள் வரட்டும் என்று காத்திராமல், சேகோ ஆலைகள் தமக்குக் கிழங்கு வரும் ஊர்களில் ஒவ்வொருவர் நிலத்திலாவது சுத்தமான குச்சி வளர்க்கச் செய்து, அந்தக் குச்சிக்கு நல்ல விலை தர வேண்டும். மகசூல் குறைந்தால் ஆலைக்கும்தானே நட்டம்?